நான் நட்ட ஒன்பது கன்றுகள்

செவ்வாய்க்கிழமை, இரவு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நாங்கள் கன்று நடும் பாலிக் புலாவ் சேற்றுக்கரையில் ஒரு பாத்தியை மட்டும் நடாமல் விடச் சொல்லியிருந்தார்கள் ஆராய்ச்சிக்காரர்கள், பக்காவ் என்கிற அலையாத்தி மரம் தானாக முளைக்கிறதா என்று பார்ப்பதற்கு. பக்கத்துப் பாத்திகளெல்லாம் பச்சையாக இருக்க, அது மட்டும் மொட்டையாகக் கிடந்தது. பாவம் பார்த்து, போன மாதம் யாருக்கும் தெரியாமல் ஒன்பது கன்றுகளை நட்டுவிட்டேன்.

இன்று ஆராய்ச்சிக்காரப் பெண் கவிதா வந்து பார்த்தாள்.

"நடாமலே இவ்வளவு வந்திருச்சேக்கா. இனிமே எங்கயும் நட வேணாம்னு எழுதிரவா?"

நடுவதை நிறுத்தினால் இந்தக் கரையை அலை தின்றுவிடும்.

"எழுதாதம்மா. நான்தான் நட்டேன்."

"தெரியும்க்கா. தானா வந்த செடி பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி லைனாவா நிக்கும்?"

"நான்தான் பள்ளிக்கூடத்துல ஒழுங்கா நிக்கல. செடியாவது நிக்கட்டும்லா."

சிரித்தாள். பிறகு, அந்தப் பாத்தியை முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றாள். அதுதான் தூங்கவிடவில்லை.

சாயங்காலமே வரிசையில் நின்றதையெல்லாம் நானே பிடுங்கினேன். கரையேறி எண்ணினேன். கையில் பத்து இருந்தது. ஒன்று நான் நட்டதல்ல.