முத்தியால்பேட்டையில் எட்டு வாசல்

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அங்கேயும் யாராவது சுவர் எழுப்பினால், பக்கத்தில் நின்று தூக்குக்குண்டு சாய்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருப்பாய். அதை ஐந்து நிமிஷம் நிறுத்திவிட்டு இதைக் கேள். உன் எட்டு வீடும் எழும்பிவிட்டது.

நம்ப மாட்டாய். நானே செங்கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் நம்பினேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே. நம் முத்தியால்பேட்டையில் மில்லில் உழைத்து ஓய்ந்தவர்களும் மீன் விற்று ஓய்ந்தவர்களும் தனியாக இருக்கிறார்கள். கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தனிக்கட்டைக் கிழவர்களுக்கு வாடகைக்கு இடம் தர எல்லோருக்கும் பயம், திடீரென்று செத்துவைத்தால் யார் தூக்குவது என்று. தருகிறவர்கள் சொல்லும் வாடகையோ கேட்ட உடனே சாகச் சொல்கிறது.

அவர்களுக்காக சர்க்கார் ஒரு காலி மனை ஒதுக்கியதும், கொத்து மேஸ்திரியான நீ முருகர் படம் போட்ட ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எட்டுச் சின்ன வீடு வரைந்தாய். இரண்டு வரிசை, நடுவில் நடைபாதை. ஒட்டிய சுவராக இருந்தால் செங்கல் மிச்சம், வாடகையும் இறங்கும். ஆளுக்கு ஓர் அடுப்பு, ஒரு வாசல், ஒரு பூட்டு.

சர்க்கார் இன்ஜினியர் வரைந்ததோ ஒரே நீள ஹால். வரிசையாகக் கட்டில், மூலையில் பொதுச் சமையல். சிவன் குடித்தது ஆலகாலம், இவர்கள் குடிக்கவேண்டியது ஹால்காலம். உன் தாளை அவர் திருப்பிப் பார்த்து, "முருகர் நல்லா இருக்காரு மேஸ்திரி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். அன்று ராத்திரி நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். தட்டில் சோறு மட்டும் பாதி அப்படியே இருந்தது. வலித்ததா நைனா?

அதற்கப்புறம் இரண்டு மாசத்தில் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் ஹாலுக்கு அளவு போட இன்ஜினியர் வருகிறார் என்று தெரிந்தது. காகிதத்தைக் காட்டினால் மறுபடியும் முருகரைத்தான் கும்பிடுவார். அதனால் ஞாயிறு மத்தியானம் உன் நூலையும் முளைக்குச்சிகளையும் சுண்ணாம்புப் பொடியையும் எடுத்தேன்.

"எங்கடி போற, மூட்டைய தூக்கினு?" என்றாள் அம்மா.

"கோலம் போட."

"இந்த வெயில்ல என்னாடி கோலம்?"

"கொஞ்சம் பெரிய கோலம்மா."

நூலின் மறுமுனையைப் பிடித்தது உன் சிநேகிதர், மில்லிலிருந்து ஓய்வுபெற்ற கோவிந்தசாமி மாமா; எட்டில் ஒரு வீடு அவருக்கும்தான். "உங்கப்பன் இழுத்தா நூலு வெறப்பா நிக்கும். நீ இழுத்தா துணி காயப்போடலாம்" என்று மாலை வரைக்கும் நச்சரித்தார். நீ கடக்கால் தோண்டுமுன் கோடு போடுவாயே, அதே மாதிரி எட்டு வீட்டையும் முழு அளவில் தரையில் போட்டு முடித்தோம். வாசல் வரும் இடத்தில் மட்டும் கோட்டை விட்டு இடைவெளி.

மறுநாள் காலை குடிவரவேண்டிய எட்டுப் பேரையும், ஆளுக்கு ஒரு அடுப்போடு வந்து அவரவர் வீட்டில் உட்காரச் சொல்லியிருந்தேன். வைத்திக்குப்பத்தில் மீன் விற்ற அஞ்சலையம்மா பாய், குடம், துடைப்பம் எல்லாம் கொண்டுவந்துவிட்டார். கோட்டுக்குள்ளே பெருக்கி, குப்பையை வாசல் வழியாகத் தள்ளினார். அவர் விளையாடவில்லை என்று அப்போதே எனக்குப் புரிந்தது.

இன்ஜினியர் வந்தார். கோடுகளை மிதித்துக்கொண்டு நேராக நடந்து வந்தார்.

"யோவ், சொவத்துல பூந்து வர்றியே. வாசல் அந்தாண்ட இருக்குது" என்றார் அஞ்சலையம்மா.

அவர் நின்று பூட்ஸைப் பார்த்தார். சுண்ணாம்பு. "இது கோடுதானேம்மா?"

"உனுக்கு கோடு. எனக்கு வூடு."

சிரித்துவிட்டு ஹாலுக்கு அளவு போடப் போயிருக்கலாம். ஆனால் அவர் இரண்டு அடி பின்னால் போனார். சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். யாரும் சொல்லாமலே பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்தார். அவருக்காக மூன்று கிண்டல் தயார் செய்து வைத்திருந்தேன் நைனா, மூன்றும் வீண்.

"உள்ள வரலாமா?"

"வா, குந்து."

"பொதுச் சமையல்னா உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"எனக்கு இன்னா கஷ்டம் சார், அவருக்குத்தான்" என்று எதிர்வீட்டுக் கோவிந்தசாமி மாமாவைக் காட்டினார் அஞ்சலையம்மா. "நான் கருவாடு வறுப்பேன். அவரு சன்மார்க்கம், கவிச்சின்னா மூக்கப் பொத்திக்குவாரு. சாவற வரைக்கும் மூக்கப் பொத்தினா எப்படி மூச்சு வுடறது?"

பிறகு உன் தலையிலும் ஒரு குட்டு. "ஆனா மேஸ்திரியும் ஒண்ணு கோட்ட வுட்டுட்டாரு சார். என் வாசலும் இவரு வாசலும் நேருக்கு நேரு. காலைல கதவத் தொறந்தா இவரு மூஞ்சியா?"

"எனக்கு மட்டும் லட்சுமி வந்து நிக்கறாளா?" என்றார் மாமா.

உண்மைதான் நைனா. நடைபாதையின் இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் குத்தும்படி வரைந்திருந்தாய். சுவரை யோசித்தாய், மூஞ்சியை யோசிக்கவில்லை. நான் குனிவதற்குள் இன்ஜினியர் வெறுங்காலால் அஞ்சலையம்மா வாசலை ஒட்டிய கோட்டைத் தேய்த்து அழித்தார். என் சுண்ணாம்பு டப்பாவை வாங்கி, வாசலை இரண்டடி தள்ளி, தன் கையாலேயே போட்டார்.

"மேஸ்திரி போட்ட தாள் இருக்குதாம்மா?" என்று என்னிடம் கேட்டார். கொடுத்தேன். இந்தத் தடவை முருகரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தை பிறந்ததும் குடிவந்துவிட்டார்கள். நேற்று சாயங்காலம் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். ஒருத்தரும் வெளியே இல்லை. உள்ளே ஒரு ரேடியோ பாடியது, யாரோ தாளித்தார்கள், யாரோ தனக்குத்தானே ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். எட்டுக் கதவும் சாத்தியிருந்தது. அவர்களாகவே சாத்திக்கொண்ட கதவு. அந்த நடைபாதையில் நின்றபோது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். அந்த எட்டுக் கதவை மட்டும் என் பழைய வழக்கப்படி தட்டிவிட்டு ஓட மாட்டேன். மற்ற தெருக்களுக்கு நான் பொறுப்பில்லை.

மேஸ்திரி பெற்ற வால்,
உன் வசந்தி