பலகையில் படிந்த வழவழப்பு

சதுரங்கப்பட்டினம்,
9-11-1978

சௌபாக்கியவதி வச்சலாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அந்த ராஞ்சிக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. உன் அம்மா உனக்குப் போடுகிற கார்டுகளில் நன்றாக இருக்கிறேன் என்று எழுதுகிறாளே, அதில் ஒரு வரியையும் நம்பாதே. மழை பிடித்ததிலிருந்து மறுபடியும் காய்ச்சல், சளி பச்சையாக வருகிறது, நாற்றம் எனக்கே தாங்கவில்லை, அவளுக்கு எப்படி இருக்கும். காலையில் கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையைக் கீழே தொங்கப் போட்டுக்கொள்கிறாள், சளி இறங்க நான் உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டுகிறேன், நடுவில் மூச்சு முட்டி என் வேட்டியைப் பிடித்து இழுக்கிறாள். மீன் கொண்டுவரும் பூவாயி, இன்னாம்மா இப்டி எலும்பும் தோலுமா கீற, அய்யா சோறு போடறாரா இல்லியா என்று கேட்டாள். அம்மா சிரித்துவிட்டாள். சிரித்ததில் பிடித்த இருமல் வெகுநேரம் ஓயவில்லை.

போன வாரம் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஏசுதாஸ் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது டி.பி. இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று மறுபடியும் சொன்னார். சின்ன வயதில் வந்த கக்குவானில் மூச்சுக்குழாய்கள் தொளதொளத்துப் போயிருக்கின்றனவாம், கிருமிகள் அங்கே வழவழவென்று ஒரு பூச்சைப் பூசிக்கொண்டு கூட்டமாக உட்கார்ந்துவிட்டன, ஊசி மருந்து மேலே இருப்பதைத்தான் கொல்கிறது என்றார். எங்கள் மின் நிலையத்துக்குக் கடல் தண்ணீர் இழுக்கும் குழாயில் என்ன படியும் என்று அறிய நாங்கள் பலகைகளைக் கடலில் தொங்கவிட்டுப் பார்ப்பது உனக்குத் தெரியும். குளோரின் விட்டால் தண்ணீரில் மிதப்பது செத்துவிடும், பலகையில் படிந்த வழவழப்பு அப்படியே இருக்கும், சில நாளில் பழையபடி தடித்துவிடும். அதைச் சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பதுதானே என் உத்தியோகம், டாக்டர் எனக்கு மேலே விளக்க வேண்டியிருக்கவில்லை. இதையும் சுரண்ட முடியாதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அறுத்து எடுக்கவும் வழியில்லை, இரண்டு பக்கமும் பரவிவிட்டதாம். இன்னொன்றும் சொன்னார், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உடம்பு சும்மா இருக்கவில்லையாம். ரத்தத்து வெள்ளை அணுக்கள் திரண்டு திரண்டு வந்து சண்டை போட்டு, அந்தப் பூச்சுக்குள் நுழைய முடியாமல் அங்கேயே செத்து, திராவகம் மாதிரி எதையோ கக்கி அவள் நுரையீரலையே அரிக்கின்றனவாம். அவளைக் காப்பாற்ற வந்ததே அவளைத் தின்கிறது, இதை யாரிடம் போய் முறையிடுவது வச்சலா. எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது.

மாப்பிள்ளை தன் மருந்துக் கம்பெனியிலிருந்து அனுப்பும் காப்ஸ்யூல்களை இனி அனுப்ப வேண்டாம் என்று சொல். ஒவ்வொரு புது மருந்துக்கும் நாலு நாள் முகம் தெளிகிறது, பிறகு முன்னைவிட மோசம். பொங்கலுக்கு வருகிறேன் என்று நீ எழுதியதற்கு, வீடு ஒழுகுகிறது, கொசு, வராதே என்று அம்மா பதில் போட்டாளே, வீடு ஒழுகவில்லை. பேரனுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயம். டாக்டர் சொன்னாலும் கேட்கவில்லை. நீ அனுப்பிய அவன் போட்டோவைக்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பார்க்கிறாள்.

பொங்கல்வரை காத்திருக்காதே. ரயிலில் குழந்தைக்குக் காதைக் கட்டிக் கூட்டி வா, செங்கல்பட்டு ஸ்டேஷனில் நான் நிற்கிறேன். பதிலை ஆபீஸ் விலாசத்துக்குப் போடு, வீட்டுக்கு வேண்டாம். எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். வந்ததும் அவளைக் கேட்டுக்கொண்டு நிற்காதே, குழந்தையை அவள் மடியில் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜானகிராமன்