பெட்டிக்குள் இல்லாதது

மார்ச் 4, செவ்வாய்

குடிநீர் நிலையத்துக்குப் போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம். பலன் பூஜ்யம்.

அங்கே இணையம் கிடையாது. வெளியாள் யாரும் தண்ணீரில் கை வைத்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே இணைப்பு கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் நாங்கள் ஜாவாவில் எழுதிய மென்பொருளைத் தனித்தனித் தொகுதிகளாகக் கட்டி, டிஸ்க்கில் கொண்டுபோய் நிறுவ வேண்டும். மேட்டிலிருக்கும் தொட்டியில் ஒரு தொகுதி, கீழே கட்டுப்பாட்டு அறையில் ஒன்று. கீழே இருப்பது கேட்டால் மேலே இருப்பது குளோரின் அளவைச் சொல்ல வேண்டும். இன்று கீழே இருப்பது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, மேலே இருப்பது வாயே திறக்கவில்லை. என்ன பிழை என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

"உங்க கேபிள்லதான் ஏதோ கோளாறு" என்று, இரண்டுக்கும் நடுவே கேபிள் புதைத்த எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டு வந்தேன். பின்னே? என் மெஷினில் இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டும் ஓட்டிப் பார்த்தேனே, ஜம்மென்று ஓடியதே.

மார்ச் 6

எலக்ட்ரீஷியன் போன் செய்தார். "மேல வரைக்கும் தோண்டிப் பாத்துட்டோம் மேடம். கேபிள் நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தடவை பாக்கணுமா?" மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் உறுத்துகிறது.

இப்போது அளவு காட்டும் பழைய மெஷினை இருபதாம் தேதி நிறுத்துகிறார்கள். அதற்குள் இது ஓடாவிட்டால் நிலையத்து ஆபரேட்டர் அம்மா மணிக்கொரு தடவை தொட்டிக்கு ஏறி அளவு பார்க்க வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு படி. முழங்காலில் பட்டை போட்டிருக்கிறார். இப்போதே படியில் பக்கவாட்டில்தான் இறங்குகிறார்.

மார்ச் 7

ஒன்றும் பிடிபடவில்லை. தலைவலி.

மார்ச் 8, சனி

அக்கா நாளை ஊருக்குக் கிளம்புகிறாள். அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒரு நாள் முன்பே பெட்டியைக் கட்டிவிட்டு, அதன் பிறகு பெட்டியிலிருந்து மட்டும் எடுத்துப் புழங்குவாள். எது இல்லையோ அது மறந்துபோனது என்று கணக்கு. சொந்த வீட்டிலேயே விருந்தாளி என்று நான் கேலி செய்வது வழக்கம்.

இன்று காலையில் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "பேஸ்ட் எடுத்து வைக்கலடி. பாத்ரூம்ல இருந்ததை எடுத்துப் பல்லு தேச்சிருக்கேன், எனக்கே தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. என் மெஷினிலும் ஒரு பாத்ரூம் இருக்கிறதே! முன்பு இணையத்திலிருந்து இறக்கிய லைப்ரரிகள், அதாவது துணை நிரல்கள், எல்லாம் ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றன. கட்டிய தொகுதியில் இல்லாததை அது அங்கிருந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒயரைப் பிடுங்கி என்ன பிரயோஜனம்?

ஃபோல்டரை ஒளித்துவைத்துவிட்டு ஓட்டினேன். பொத்தென்று விழுந்தது. விட்டுப்போனது இரண்டு லைப்ரரி. ஒன்று, அளவை அனுப்பும் வடிவத்துக்கு மாற்றுவது. இன்னொன்று, பிழையை எழுதிவைப்பது. குறை சொல்ல வேண்டியவனையே வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

அப்படியானால் கேபிள் — சும்மா தோண்ட வைத்தேனா?

மார்ச் 10

டீம் லீடரிடம் சொன்னேன். "அப்டேட்னு சொல்லிக் குடுத்துடு. எதுக்கு வம்ப விலைக்கு வாங்கணும்?" என்றார். சொல்லிவிடலாம்தான். யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே.

மார்ச் 11

எதுவுமே இல்லாத, துடைத்து வைத்த மெஷினில் புதிதாகக் கட்டிய தொகுதியை ஓட்டினேன். நாலு தடவை. ஓடியது.

மார்ச் 13, வியாழன்

நிலையத்துக்குப் போனவுடன் எலக்ட்ரீஷியனைத் தேடிப்போய்ச் சொன்னேன். "தப்பு என்னோடது. கேபிள்ல ஒண்ணுமில்ல. மன்னிச்சுடுங்க."

"மழையில நின்னு மூடினோம் மேடம்" என்றார். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் படியேறினார். எனக்கு அறுபதாவது படியிலேயே மூச்சு வாங்கியது.

புதுத் தொகுதியை நிறுவியதும் கீழே திரையில் குளோரின் அளவு 0.6 என்று வந்தது. ஆபரேட்டர் அம்மா நம்பவில்லை. தடுத்தும் கேட்காமல் தானே ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் இறங்கிவந்தார். "சரியாத்தான் சொல்லுது" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாடா. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

மார்ச் 20

பழைய மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 21, வெள்ளி

மத்தியானம் ஆபரேட்டர் அம்மாவிடமிருந்து போன். போச்சுடா என்று எடுத்தேன்.

"என்னம்மா, நின்னுபோச்சா?"

"ஓடுதும்மா, ஓடுது. மணி பன்னண்டு ஆச்சு. காலையிலேர்ந்து ஒரு தடவகூட மேல போகல. யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு."