மூன்று முறை கூப்பிட்டாய்

சேலம்,
1938, ஆவணி

பாவாயியின் அம்மாவுக்கு,

இதை வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. நீயே மெதுவாக எழுத்துக் கூட்டிப் படி.

பரீட்சையில் தேறிவிட்டேன். துரை பங்களாவில் இனி நானும் ஒரு பட்லர். வெள்ளை உடுப்பு, தலைப்பாகை எல்லாம் கொடுத்துவிட்டார்கள்.

ஆறு மாதமாகப் பெரிய பட்லர் எனக்கு ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "துரைமார் சாப்பிடறப்ப நீ சுவர் மாதிரி நிக்கணும். யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது."

காய்ச்சலோடு குழந்தை பாவாயியை இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக நீ ஆள் அனுப்பிய அன்றுதான் எனக்குப் பரீட்சை. துரை விருந்தில் பரிமாறுவதுதான் பரீட்சை. விருந்து முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

நான் சூப்புத் தட்டோடு நின்றபோது சமையலறை வாசலிலிருந்து கூப்பிட்டாய். மூன்று முறை கூப்பிட்டாய். நான் திரும்பவில்லை.

குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த என்னிடம், "நான் கூப்பிட்டது காதுலயே உழுகலீங்களா?" என்று கேட்டாய். விழவில்லை என்றேன். அது பொய்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் "ஏனுங்க" என்பதைத் தவிர நீ என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அன்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். அப்போதே தெரிந்துவிட்டது, குழந்தை போய்விட்டாள் என்று. திரும்பினால் உன் முகத்தில் அதைப் பார்க்க வேண்டும். அதனால்தான் நின்றேன்.

விருந்து முடிந்ததும் பெரிய பட்லர் என் முதுகில் தட்டி, "சபாஷ்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மோகனூர் வருகிறேன். வாசலில் நிற்பேன். பழையபடி நீ "ஏனுங்க" என்று கூப்பிட்டால்தான் உள்ளே வருவேன்.

பாவாயி அப்பன்