ஒரு கிழிசல்கூட இல்லாத படம்

வில்ஃபிரான்ஷ்,
மார்ச், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பாஸ்தியானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. நீ கலிபோர்னியாவில் நன்றாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், அதை நான் பாதிதான் நம்புகிறேன், போன ஞாயிறு உன் குரல் கம்மியிருந்தது, சளி என்றாய், சளிக்காரன் குரல் எனக்குத் தெரியாதா. சந்தையில் நேற்று மீன்காரி பழைய நெத்திலியை இன்று வந்தது என்று என் தலையில் கட்டப் பார்த்தாள், செவுளைப் பிரித்துக் காட்டிவிட்டு வேறு கடைக்குப் போனேன். அப்பாவுக்கு அதில் கோபம், “உனக்கு பாதிரியார் மேலயும் சந்தேகம், தபால்காரன் மேலயும் சந்தேகம், அடுத்தது நான்தான்” என்கிறார். அவர் மருந்துச் சீட்டை ஒளித்துவைக்கிற ஆள், அவரைச் சந்தேகப்படாமல் வேறு யாரைச் சந்தேகப்படுவது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கட்டுரையை அச்சிடப் போகிற இதழ்க்காரர்கள், நீ ஆழ்கடலில் புதிதாகக் கண்டுபிடித்த அந்தச் சீப்பு ஜெல்லிப் பிராணி நம் ஆய்வுக்கூடத்துக் குளிர் அறையில் இருப்பதை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்றாலும் ஜெல்லி என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பெற்ற தாயே சாட்சி சொல்வது முறையா என்று கேட்டேன், “உங்கள விட்டா இங்க வேற யாருக்கு மேடம் தெரியும்” என்று கூடத்தலைவர் சிரித்தார். போய்ப் பார்த்தேன். நீ மெழுகு வைத்து மூடிய குப்பி இருந்தது, உன் கையெழுத்தில் சீட்டும் இருந்தது, உள்ளே எதுவும் இல்லை. இதற்காக யாரும் அலறவில்லை. ஆழ்கடல் ஜெல்லிகளில் ஃபார்மலினில் போட்ட மறுநாளே கரைந்துபோகிறவை உண்டு, காலிக் குப்பி நம் தொழிலில் புதிதில்லை. “கரைஞ்சிருக்கும் மேடம், போட்டுக் குடுத்துருங்க” என்றார் தலைவர். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

முதலில் நோயெமியைச் சந்தேகப்பட்டேன், உன் மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண். அவளும் சீப்பு ஜெல்லிதான் ஆராய்கிறாள், குளிர் அறைச் சாவி அவளிடம்தான் இருக்கிறது, என்னைக் கண்டால் அளவுக்கு மீறி இனிக்க இனிக்கப் பேசுகிறாள். நேராகவே கேட்டுவிட்டேன். முகம் சிவந்துபோய், “மேடம், மூடிய சுத்தி மெழுகு அப்படியே இருக்கு, உங்க புள்ள கட்டைவிரல் ரேகைகூட அழியல, நான் எந்த வழியா எடுத்தேனாம்?” என்று திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குப்பியை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனேன். கரைந்த ஜெல்லி சுவடில்லாமல் போகாது, பாஸ்தியான், அடியில் ஒரு கலங்கலாவது தங்கும். உன் பிராணிக்கோ வயிறு செக்கச்செவேல் என்று எழுதியிருக்கிறாய், அந்தச் சிவப்பு கண்ணாடியில் துருக்கறையாகவாவது ஒட்டியிருக்க வேண்டும். குலுக்கினேன், கவிழ்த்துப் பார்த்தேன். குழாயில் பிடித்த தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து நீ வரைந்த படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதைப் பார்த்துத்தானே அங்கே உனக்கு வேலை கொடுத்தார்கள். தண்ணீர் அசைந்தாலே பிய்ந்துபோகிற உடம்பு அது, கடலுக்குள்ளேயே குப்பியைத் திறந்து நீரோடு எவ்வளவு மெல்ல ஏந்தினாலும் ஓர் ஓரமாவது போய்விடும். நான் வரைந்த அத்தனையிலும் எங்கேயாவது ஒரு பிய்ந்த விளிம்பு, ஒரு பாதி வரிசை இருக்கும். உன் படத்தில் ஒரு கிழிசல்கூட இல்லை. உடம்பில் சீப்புப் பல் மாதிரி ஓடுகிற எட்டு வரிசையும் எண்ணெய் தேய்த்துச் சீவினாற்போல் நிற்கின்றன. அன்று அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன், இன்று அதே அழகைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. கேமராவில் எடுத்த படம் எங்கே என்று கேட்டபோது அதன் கண்ணாடியில் பனி படர்ந்துவிட்டது என்றாய். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவள் அதை மட்டும் நம்பினேன். நிஜமாகவே ஒன்றைப் பார்த்துவிட்டு, ஏந்தும்போது அது கையோடு சிதறிப்போய், சொன்னால் யார் நம்புவார்கள் என்று வெறும் குப்பிக்கு மெழுகு வைத்தாயா? அப்படியானால் அதையே எழுது. பார்த்தேன், பிடிக்க முடியவில்லை என்று சொல்வதில் வெட்கமே இல்லை, என் வேலையில் பாதி நாள் அப்படித்தான் போனது. அந்தப் பிராணிக்கு என் பெயரை வேறு வைத்திருக்கிறாய். “என் பொண்டாட்டி பேர்ல கடலுக்கடியில ஒரு உசிரு இருக்கு” என்று அப்பா ரொட்டிக் கடையில் சொல்ல, கடைக்காரி “அதுவும் இப்படித்தான் கொட்டுமா?” என்றாளாம். சீப்பு ஜெல்லி கொட்டாது என்று அவளுக்கு விளக்கிவிட்டு வந்திருக்கிறார். அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

போனில் கேட்டால் உன் குரலுக்கு மயங்கிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். கண்ணில் புரை, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிக் கையெழுத்தை மாதக் கடைசிவரை தள்ளிவைத்திருக்கிறேன், அந்தப் பொய்க்கே எனக்கு உடம்பு கூசுகிறது. அதற்குள் நீயே இதழுக்கும் உன் மேலதிகாரிக்கும் உண்மையை எழுதிவிடு. வேலை போனால் போகட்டும், இங்கே சோறும் கூரையும் உண்டு. நான் நினைப்பது தப்பு என்றால் உடனே போன் செய்து வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன், அந்தத் திட்டுக்காகத்தான் மணி அடிக்கும்போதெல்லாம் ஓடுகிறேன். கடவுள் உனக்கு நல்ல புத்தியும் நல்ல உடம்பும் கொடுக்கட்டும், கப்பலில் போகும்போது கழுத்தை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மா,
ஒதெத்