ஒன்று வெங்காயத்துக்கு, இரண்டு கடலுக்கு

இன்று காலை கடையைத் திறக்க வந்தால் வாசலை அடைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து மூட்டை. பக்கத்துக் கமிஷன் கடைக்காரர் லாரியிலிருந்து இறக்கி நம் படி வரைக்கும் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். சின்ன வெங்காயம். கரிசல் மண் ஒட்டி, தூறலில் லேசாக நனைந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த நெடிதான். வேறொரு நாளாக இருந்தால் அந்த மனுஷனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இன்றைக்கு ஷட்டரைப் பாதி தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. எழுதி எங்கேடி அனுப்பப் போகிறாய் என்று கேட்காதே. மனசு ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூற்றைந்தில் அரியலூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நாம் ஒன்றாக இருந்த அந்த ஒற்றை அறை உனக்கு நினைவிருக்கும். நீ நர்ஸ் பயிற்சிக்கு, நான் டைப்ரைட்டிங்குக்கு. உடையார்பாளையத்து முந்திரிக்காட்டுக்காரி நீ. ஏரியைத் தாண்டிப் பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஊசியை எடுத்துக்கொண்டு வந்து, "வலிக்கும்டி. ஒரு நிமிஷம் நல்லாவே வலிக்கும்" என்றாய். வலிக்காது என்று சொல்லக் கூடாதா என்று கத்தினேன். "பொய் சொல்லிக் குத்துனா அடுத்த தடவ கை நீட்ட மாட்ட" என்றாய். அப்போது உனக்கு இருபது வயது. இந்த வயதில் இவ்வளவு கறாரா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பிறகு நான் பெரம்பலூருக்கு வாழ்க்கைப்பட்டு எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் மிஷினுமாக உட்கார்ந்தேன். உன்னை மாயவரத்துக்குக் கிழக்கே ஒரு மீனவர் தெருவுக்குக் கிராம நர்ஸாகப் போட்டார்கள். தெருவே உன்னை நர்சம்மா என்றது. நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "இந்தத் தெருவுல பிறக்குற பிள்ளைங்களைப் பாக்கவே நேரம் பத்தல" என்பாய். மாதம் ஒரு முறை இங்கிருந்து மாயவரம் பஸ்ஸில் ஒரு சிப்பம் சின்ன வெங்காயம் ஏற்றிவிடுவேன். நீ போய் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் வாங்கி, தெருவில் ஆளுக்கு இரண்டு கை அள்ளிக் கொடுப்பாய். அங்கே மீன் குழம்புக்கு அதுதான் வேண்டுமாம்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டில் இருந்தாய். சனிக்கிழமை வந்து தங்கியிருந்தாய். காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது அலமாரியில் டம்ளர்கள் கடகடவென்றன. "என்னடி இது?" என்றாய். "திருச்சி ரோட்டுல லாரி போயிருக்கும்" என்றேன் நான். பிறகு இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாம்பாருக்கு வெங்காயம் உரித்தோம். உன் மேலதிகாரி நடப்பது போல நீ நடந்து காட்டினாய். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, வெங்காயமா சிரிப்பா என்று தெரியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் டிவியைப் போட்டோம்; கடல் கரையோர ஊர்களுக்குள் புகுந்திருந்தது.

நீ அழவில்லை. செருப்பைத் தேடினாய். பஸ் பாதி வழியில் நின்றுவிட, மிச்சத்தை நடந்தே போனாய் என்று பின்னால் தெரிந்தது. தொப்புள்கொடி வெட்டிய பிள்ளைகளில் யார் யார் இல்லை என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுத்தது நீதான். அதைப் பற்றி நீ என்னிடம் பேசியதே இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாய்: "ரெண்டு மணி நேரம் இருந்துச்சுடி. டம்ளர் ஆடுனதுக்கும் தண்ணி வந்ததுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு. நாம வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தோம்."

நமக்கு என்ன தெரியும், யாருக்குத்தான் தெரிந்தது என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும்.

நாலைந்து நாளில், மறுபடியும் வருகிறது என்று ஒரு செய்தி பரவி, முகாமில் இருந்தவர்கள் எல்லாம் கஞ்சிச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒன்றும் வரவில்லை. அன்று மாலை நீ போனில் பேசிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. "யாரு சொன்னா, எதைப் பாத்துச் சொன்னான்னு ஒருத்தருக்கும் தெரியல. ஓடுன்னா ஓடுறாங்க. இன்னும் ரெண்டு தடவ இப்படி ஓடவிட்டா மூணாவது தடவ உக்காந்துக்குவாங்கடி. அன்னிக்குத்தான் நெசமா வரும்."

அப்போதுதான் நமக்குள் அந்த ஏற்பாட்டைச் செய்தாய். உன் தெருவில் பாதி நேரம் கரண்டு கிடையாது, கேபிளும் அறுந்துபோயிருந்தது. நானோ நாள் முழுக்க கடையில் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவள். நீ புதிதாக ஒரு செல்போன் வாங்கினாய். பேச வேண்டாம், பேசினால் நேரம் போகும், மணி மட்டும் அடி என்றாய். ஒரு தடவை அடித்து வைத்தால் வெங்காயம் பஸ் ஏறிவிட்டது. நீ பதிலுக்கு ஒரு தடவை அடிப்பாய், தெரிந்துகொண்டேன் என்று. அடுத்தடுத்து இரண்டு தடவை அடித்தால் கடல். அதற்குப் பதில் கிடையாது. நீ அந்த நிமிஷமே தெருவைக் கிளப்பிப் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். "டிவியில எழுத்துல போட்டாத்தான் அடிக்கணும். பஸ் ஸ்டாண்டுல எவனாச்சும் வந்து சொன்னான்னு அடிச்சுத் தொலைக்காத" என்று மூன்று முறை என்னைச் சொல்ல வைத்தாய்.

அந்தத் தெருவில் காளியம்மா என்று ஒருத்தி உண்டு. மீன் கூடைக்காரி. அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். நம் ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு, "கடலும் இல்ல, ரயிலும் இல்ல, அந்த ஊருலேருந்து எங்களுக்குக் கடல் வருதுன்னு சொல்லப் போறாங்களாக்கும்" என்றாளாம். நீ சொல்லிச் சிரித்தாய். ஆனால் அடுத்த மார்ச்சில் டிவியில் எச்சரிக்கை ஓடி நான் இரண்டு அடித்தபோது முதலில் மாடி ஏறியவளும் அவள்தான். அலை வரவில்லை. யாரும் குறை சொல்லவில்லை; நிலநடுக்கம் வந்தது நிஜம் என்று மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இனி எழுதப்போவதைத்தான் காலையிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுவருஷம் ஆடி மாதம். மத்தியானம் பஸ்ஸில் சிப்பத்தை ஏற்றிவிட்டு வந்து ஒரு தடவை அடித்தேன். உன் பதில் வரவில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தேன். கடையில் ஜெராக்ஸுக்குக் கூட்டம், கரண்டு வேறு போகப்போகிறது, இவள் போகவில்லை என்றால் கண்டக்டர் சிப்பத்தை என்ன செய்வான் என்று எனக்கு ஒரே படபடப்பு. எனக்கென்று இருக்கிறது பார் ஒரு அவசரம். இன்னொரு தடவை அடித்தேன்.

கடல் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. ஒன்றரை வருஷமாக ஒன்றும் வராததில் எனக்கே மறந்துபோயிருந்தது. அப்புறம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன்.

நீ அப்போது ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாய், அதனால்தான் பதில் அடிக்கவில்லை. இரண்டாவது மணி கேட்டதும் ஊசியை வைத்துவிட்டுத் தெருவில் கத்திக்கொண்டே ஓடியிருக்கிறாய். உலையை இறக்காமல், கதவைச் சாத்தாமல் மொத்தத் தெருவும் ஓடியது. காளியம்மாவின் மருமகள் பிள்ளை பெற்றுப் பத்து நாள். அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கி மாடி ஏற்றும்போது, மாடிப்படியில் நாற்காலி சரிந்து தையல் விட்டுப்போனது. வெயிலில் இரண்டு மணி நேரம் மாடியில் நின்று கடலைப் பார்த்திருக்கிறீர்கள். அது பாட்டுக்குச் சும்மா கிடந்ததாம். நீ கடைக்குப் போன் அடித்தபடியே இருந்திருக்கிறாய். நான் நாலு மணிக்கு வந்து எடுத்தேன்.

"என்னடி பாத்த? டிவியில என்ன போட்டான்?" என்றாய், மூச்சு வாங்க.

"எந்த டிவி? வெங்காயம் வாங்கிட்டியா இல்லையா?" என்றேன் நான்.

உன் பின்னால் ஒரு பெண் வலியில் முனகுவது மட்டும் கேட்டது. "ஐயோ, ரெண்டு தடவ அடிச்சுட்டேனா?" என்றேன். "சரி, வெச்சிடு" என்றாய்.

மறுநாள் காலையிலேயே உன்னைக் கூப்பிட்டு, நான் கிளம்பி வருகிறேன், தெருவில் எல்லோர் முன்னாலும் நின்று என் தப்பு என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நீ வரக் கூடாது" என்றாய். "நாந்தான் தப்பா எண்ணிட்டேன், ஒரு மணியை ரெண்டுன்னு நெனச்சுட்டேன்னு சொல்லியாச்சு."

"ஏண்டி பொய் சொன்ன? நீயா?"

"என்னைத் திட்டட்டும். நான் இங்கேயே கெடக்குறவ, தாங்கிக்குவேன். உன் போன் தப்பா அடிக்கும்னு தெரிஞ்சா அடுத்த தடவ ஒருத்தர் ஏற மாட்டாங்க. அந்த ஒண்ணு மட்டும் கெடக் கூடாது."

திட்டினார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை, சிரித்தார்கள். எந்த வீட்டில் போன் மணி அடித்தாலும், "நர்சம்மா, ஓடலாமா?" என்பார்களாம். காளியம்மா தன் வீட்டு வாசலை நீ மிதிக்கக் கூடாது என்றாள். அந்தப் பச்சைப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட அவர்கள் உன்னிடம் வராமல் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். ஊசி போடுமுன் வலிக்கும் என்று உண்மையைச் சொல்லிச் சொல்லி எட்டு வருஷமாக நீ சேர்த்த நம்பிக்கையை, என் இரண்டாவது மணிக்காக ஒரே மத்தியானத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டாய். நான் இங்கே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டேன். எத்தனை தடவை மாயவரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பேன் தெரியுமா? ஒரு தடவை அரியலூர் வரைக்கும்கூட வந்தேன். இறங்கித் திரும்பிவிட்டேன். நீ வேண்டாம் என்றது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் கோடையில் உனக்கு மஞ்சள் காமாலை. ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்பவள், கண் மஞ்சளாகி ஒரு மாதம் கழித்துத்தான் திருச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தாய். கட்டிலில் உன் பக்கத்தில் செல்போனைக் காணோம். எங்கே என்று கேட்டேன். "குடுக்க வேண்டிய எடத்துல குடுத்துட்டேன்" என்றாய். யாரோ சொந்தக்காரரிடம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மூன்றே வாரம்.

செப்டம்பரில் ஒரு நாள் சாயங்காலம், கடை டிவியில் சிவப்பு எழுத்து ஓடியது. கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம், கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும். யாரைக் கூப்பிடுவது? அந்தத் தெருவில் உன்னைத் தவிர யார் நம்பர் எனக்குத் தெரியும்? உன் நம்பரையே அடித்தேன். அடித்து வைத்தேன். மறுபடி அடித்தேன். செத்தவளுக்குப் போன் போடுகிறோமே என்று அப்புறம்தான் உறைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்து டிவியையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும், போன் அடித்தது.

"பெரம்பலூரம்மாவா? நான் காளியம்மா பேசுறேன். ரெண்டு தடவ அடிச்சுது, எல்லாரையும் மாடிக்கு ஏத்திட்டேன். தண்ணி இன்னும் வரல. எறங்கலாமா, இருக்கணுமா?"

இருங்கக்கா, டிவியில் சொல்லட்டும், சொன்னதும் கூப்பிடுகிறேன் என்றேன். இருட்டும் நேரத்தில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். கூப்பிட்டு, இறங்கலாம் என்றேன். அவள் சலித்துக்கொள்ளவில்லை. வராமல் போனது நல்லதுதானே என்றாள். உங்களிடம் எப்படி இந்தப் போன் என்று கேட்டேன்.

"நர்சம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கெளம்புற அன்னிக்கு வூட்டுக்கு வந்து குடுத்துச்சு. எம்மேல கோவம் இருக்கட்டும், இந்தத் தெருவுல உன் சத்தத்துக்குத்தான் எல்லாரும் எந்திரிப்பாங்கன்னு சொல்லிச்சு. பெரம்பலூர் போன் ஒருநாளும் தப்பா அடிச்சதில்ல, நாந்தான் அன்னிக்குத் தப்பா எண்ணிட்டேன், போனை நம்புன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லிச்சு." அப்புறம் சொன்னாள்: "பாவம், நல்ல மனுஷி. என்ன, கொஞ்சம் அவசரக்காரி."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவசரக்காரி அவள் இல்லை அக்கா, நான்தான். உங்கள் மருமகளுக்குத் தையல் விட்டது என்னால்தான். சொல்லியிருந்தால் உன் பெயர் அந்தத் தெருவில் அன்றைக்கே நேராகியிருக்கும். ஆனால் அந்தப் பக்கம் குழந்தைகள் மாடிப்படியில் தடதடவென்று இறங்குவது போனில் கேட்டுக்கொண்டிருந்தது. இவர்களை அடுத்த தடவை யார் ஏற்றுவது?

தினமும் கடை சாத்துமுன் இதையே யோசிக்கிறேன். சொன்னால் உனக்கு நல்லது, சொல்லாவிட்டால் அவர்களுக்கு நல்லது. இரண்டில் எதைச் செய்தாலும் நீ என்னைத் திட்டுவாய். அன்றைக்குக் காளியம்மா என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். "ஆமாக்கா, அவ கொஞ்சம் அவசரக்காரிதான்" என்று சொல்லிவிட்டேன்.