யார் அடித்தது?

12.06.1996, புதன்

கையை எத்தனை தரம் கழுவியும் அருவருப்புப் போகவில்லை.

கோணல் பாதத்தை நிமிர்த்தப் போட்டிருந்த பிளாஸ்டரை இன்று ஒரு கைக்குழந்தையின் காலிலிருந்து வெட்டி எடுத்தோம். கால் வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு வெடித்திருந்தது.

"யார் அடித்தது என்று கேள்" என்றார் டொக்டர், சிங்களத்தில். வார்டில் தமிழ் தெரிந்த தாதி நான் ஒருத்திதான். தாயிடம் கேட்டேன். போன கிழமை பிளாஸ்டர் போடுமுன் அந்தப் பாதத்தை அழுத்தித் திருப்பியவர் டொக்டர்தான். முழங்காலை இறுக்கிப் பிடித்தவள் நான். பிளாஸ்டருக்குள் இருந்த காலை யார் அடிப்பது?

வவுனியாவிலிருந்து ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்து வந்த தாய் என்னையே பார்த்தாள். "மிஸ், நீங்கள்தானே பிடிச்சனீங்கள்? அப்பவே பிள்ளை வீரிட்டுக் கத்தினதெல்லே."

"என்ன சொல்கிறாள்?" என்றார் டொக்டர்.

"தெரியாதாம்" என்றேன்.

என் பேனையை வாங்கி, பிள்ளையை வீட்டில் அடித்திருக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதினார். இதை எழுதுவதும் அதே பேனையால்தான்.